அரிசி போடலாமா, கூடாதா?



வீட்டில் அரைக்கும் மிளகாய்த்தூளில் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பதில் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே மோதிக் கொண்டார்கள். மிளகாயைத் தவிர வேறு எது சேர்ந்தாலும் அது மிளகாய்த்தூளே இல்லை என்றார் ஒருவர். மல்லியும் சீரகமும் இல்லாமல் என்ன குழம்பு என்று கேட்டார் இன்னொருவர். ஆனால் அரிசி என்ற சொல் வந்ததும் இரண்டு தரப்பும் ஒன்று சேர்ந்துகொண்டு, "அது கலப்படம்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். அங்கேதான் எனக்கு வலித்தது. ஏனென்றால் என் அம்மா அரிசி போட்டவர்.

தெலுக் இந்தானுக்கு அந்தப் பெயர் வந்தது 1982இல். அதற்கு முன் அது தெலுக் அன்சன். அந்தக் காலத்தில் நாங்கள் ஊருக்கு வெளியே தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். தீபாவளிக்கு முன் அம்மா ஒரு காட்டி மிளகாய்க்கு இரண்டு காட்டி மல்லி என்று வாங்கி, காய வைத்து, சாய்ந்த கோபுரம் இருக்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த மில்லில் அரைத்து வருவார். காட்டி என்றால் சுமார் 600 கிராம், இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் இரண்டு கைப்பிடி வறுத்த புழுங்கல் அரிசியும் இருக்கும். ஒரு வருடம் என் அத்தை எல்லார் முன்னாலும், "அண்ணி, கடைக்காரன்தான் எடைக்கு அரிசி போடுவான், நீங்களுமா?" என்று கேட்டுவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அத்தை வீட்டுக்கு மட்டும் தூள் கொடுத்து அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

அம்மா செய்தது சரியா, தப்பா? இந்தக் கேள்வியை நான் பல வருடம் சுமந்திருக்கிறேன்.

முதலில் மிளகாயிலிருந்தே தொடங்குவோம். 'எங்கள் பரம்பரைத் தூள்' என்று சொல்கிறோமே, அந்த மிளகாயே நமக்குப் பரம்பரைச் சொத்து அல்ல. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் நம் காரம் மிளகுதான். மிளகு போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் ஆயிற்று.

மிளகாயில் இரண்டு குணம் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று நிறம், மற்றொன்று காரம். காரம் விதையில் இருக்கிறது என்று நாம் விதையைத் தட்டிவிடுகிறோம். உண்மையில் விதை ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைச் சதையில்தான் காரம் ஊறுகிறது. விதை அதை ஒட்டி இருப்பதால் உறைக்கிறது, அவ்வளவுதான். கர்நாடகத்துப் பியாடகி மிளகாய் சுருங்கிப் போய் நல்ல சிவப்பாக இருக்கும், காரம் குறைவு. குண்டூர் மிளகாய் உறைத்துக் கொட்டும். இரண்டையும் கலந்து போட்டால் சாயம் இல்லாமலே தூள் சிவக்கும். வெறும் கார மிளகாயை அரைத்துவிட்டு, 'கடைத்தூள் மாதிரி சிவக்கவில்லையே' என்று வருந்த வேண்டியதில்லை. அந்தக் கடைச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்றும் சில சமயம் யோசிக்க வேண்டும். 2005 பிப்ரவரியில் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். காரணம், ஒரு சாஸில் சேர்ந்த மிளகாய்த்தூளில் சூடான் 1 என்ற தொழிற்சாலைச் சாயம் இருந்தது. கலப்படம் என்றால் அதுதான் கலப்படம்.

அடுத்து மல்லி. சேலம், வட ஆற்காடு, திருச்சி, தஞ்சாவூர் என்று பல சீமையிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். பாகான் டத்தோ பக்கம் தெலுங்குக் குடும்பங்கள் நிறைய. ஒரே லயத்தில் பத்து வீட்டுக் குழம்பு கொதித்தால் பத்து விதமாக மணக்கும். ஒரு வீட்டில் மல்லி இரண்டு பங்கு, பக்கத்து வீட்டில் மிளகாயும் மல்லியும் சரிசமம், அதற்கடுத்த வீட்டில் சோம்பு தூக்கல். இதில் எது சரி என்று யார் சொல்வது? அந்த அளவும் நிலையாக நின்றதில்லை. மல்லி இங்கே விளைகிற சரக்கு அல்ல, கப்பலேறி வர வேண்டும். 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்ததும் இந்தியாவிலிருந்து சரக்கு வருவது நின்றது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்கள் மல்லிக்கு எங்கே போவார்கள்? லயத்து ஓரத்தில் முளைத்த பச்சை மிளகாய்தான் குழம்புக்குக் கதி.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 'சில்லி' என்றே ஓர் இறைச்சிக் குழம்பு உண்டு. அதில் பீன்ஸ் போடலாமா, கூடாதா என்று அங்கே நம்மை விடப் பெரிய சண்டை. 1967இல் டெர்லிங்குவா என்ற பாலைவன ஊரில் பீன்ஸ் போடும் நியூயார்க் எழுத்தாளர் ஆலன் ஸ்மித்துக்கும், போடாத டெக்சஸ்காரர் விக் ஃபவுலருக்கும் சமையல் போட்டியே வைத்தார்கள். இரண்டு நடுவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். மூன்றாமவர், தன் நாக்கே செத்துவிட்டது என்று சொல்லித் தப்பித்துக் கொண்டார். போட்டி சமன்! நல்ல வேளை, நம் அத்தைமார்கள் அங்கே இல்லை.

ஆகவே 'எது அசல்' என்று கேட்பதை விட, 'இது தூளில் என்ன வேலை செய்கிறது' என்று கேட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மல்லி மணத்துக்கு மட்டுமல்ல, தண்ணீரை இழுத்துக் குழம்பைக் கெட்டியாக்குவதும் அதுதான். வெந்தயம் மீன் குழம்புக்கு வேண்டும், ஆனால் கொஞ்சம் கூடினாலும் கசக்கும். பட்டை, ஏலக்காய், அன்னாசிப்பூ எல்லாம் இறைச்சிக்கு. அவற்றைப் பொதுத் தூளில் போட்டுவிட்டால் சாம்பாரும் ஆட்டுக்கறி போல் மணக்கும். தனியாக வைத்துக் கொள்ளுங்கள். பெலாச்சான் பற்றியும் ஒருவர் கேட்டார். சம்பலுக்கு அது இல்லாமல் முடியாது, மலாய்க்கார அண்டை வீட்டாரிடம் கற்றதை நாம் ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் அது ஈரப் பொருள். சம்பல் அரைக்கும்போது அம்மியில் வைக்கலாம், மாதக்கணக்கில் இருக்கும் தூளில் வேண்டாம். உப்பும் அப்படித்தான். நம் ஊர்க் காற்றில் உப்பு சேர்ந்த தூள் ஈரத்தை இழுத்துக் கட்டி கட்டியாகிவிடும்.

இப்போது அரிசிக்கு வருகிறேன். தீபாவளி வருவது அக்டோபர், நவம்பரில். கீழ்ப்பேராக்கில் மழை அடித்துக் கொட்டுகிற மாதங்களும் அவைதாம். மிளகாயை முற்றத்தில் பரப்பி அரை மணி நேரம்கூட ஆகாது, வானம் கறுத்துவிடும். முழுதாகக் காயாத மிளகாய் மில்லில் பசைபோல் ஒட்டும். வறுத்த அரிசி அந்த ஈரத்தையும் எண்ணெய்ப் பசையையும் வாங்கிக்கொண்டு தூளை உதிரியாக்கும். குழம்பிலும் அதற்கு வேலை உண்டு. தேங்காய்ப்பாலுக்குக் காசில்லாத வாரத்தில் குழம்பைக் கெட்டிப்படுத்தியது அதுதான். எட்டுப் பேர் சாப்பிடும் வீட்டில் அது சின்ன உதவி அல்ல. இரண்டு கைப்பிடியை அம்மா யாருக்கும் மறைத்துப் போடவில்லை, யாருக்கும் விற்கவும் இல்லை. கடைக்காரர் அதையே சொல்லாமல் போட்டு மிளகாய் விலைக்கு விற்றால், அப்போது அத்தை சொன்ன சொல் பொருந்தும்.

ஒன்றை மட்டும் ஒப்புக் கொள்கிறேன். அரிசி போட்ட தூள் வறுவலுக்கு ஆகாது. எண்ணெயில் அடிப்பிடிக்கும். அத்தை மீன் வறுப்பதில் பேர் போனவர். அவர் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

அரைக்கப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு செய்தி. சரியாகக் காயாத மிளகாயில் பிடிக்கும் பூஞ்சை சாதாரணமானதல்ல. அதில் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அது ஈரலைப் பாதிக்கும், கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. உடைத்தால் 'சடக்' என்று சத்தம் வர வேண்டும். வெயில் இல்லையென்றால் மெல்லிய தீயில் வறுத்து ஆற வையுங்கள், கருக விட்டுவிடாதீர்கள். மில்லில் முதலில் விழும் ஒரு கைப்பிடி உங்களுக்கு முன்னால் அரைத்தவருடைய தூள். கொஞ்சம் மல்லியை முதலில் விட்டுத் தள்ளி, அதைத் தனியாக எடுத்துவிடுங்கள். அரைத்து வந்த தூள் சூடாக இருக்கும். அப்படியே போத்தலில் அடைத்தால் மூடியில் வியர்த்து உள்ளே சொட்டும், பத்தே நாளில் வாடை மாறிவிடும். நாளிதழைப் போட்டுப் பரப்பாதீர்கள், மை ஒட்டும். சுத்தமான வேட்டித் துணி போதும். முழுதாக ஆறிய பிறகு போத்தலில் போடுங்கள், ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள்.

அம்மாவின் அளவு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. 'கண் அளவு' என்பார். இப்போது நான் அரைப்பதில் மிளகாயும் மல்லியும் சரியாக வருகின்றன, சோம்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. போன வருடம் அத்தை மகள் ருசி பார்த்துவிட்டு, "சோம்பை வறுக்காமல் போடுங்கள், மாமி அப்படித்தான் போடுவார்" என்றாள். தூள் நின்று போவதற்கு முன் அவர்கள் வீட்டிலும் அதைத்தானே சாப்பிட்டார்கள். இந்த முறை அப்படியே போட்டுப் பார்க்கப் போகிறேன்.