மலைக்கு எந்த ஆடு?

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் என்று ஓர் இடம் இருக்கிறது. ராஷ்பிகாரி அவென்யூ சாலையில் இருக்கிறது. தமிழ் மக்கள் பல காலமாக அங்கே குடியிருக்கிறார்கள். வாழை இலை கிடைக்கும். முருங்கைக்காய் கிடைக்கும். காப்பிக்கொட்டை வறுக்கும் மணமும் வரும்.

அங்கே இலை விற்கும் ஓர் அம்மாவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். பக்கத்து மாடிக் கட்டடத்தில் ஒருவர் காவல் வேலை பார்க்கிறார். அவர் கலிம்போங் மலைக்காரர். இருவரும் வங்காளத்தில் பேசிக்கொள்வார்கள். அவர் அந்த அம்மாவைத் 'தீதி' என்பார். அக்கா என்று பொருள். அந்த அம்மா அவரைத் 'தாதா' என்பார். அண்ணன் என்று பொருள்.

ஒருநாள் அவர் சொன்னார்: "தீதி, நான் ஊருக்கே போய்விடப் போகிறேன். கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறேன். ஆடு வாங்கலாம் என்று எண்ணம்."

"என்ன ஆடு, தாதா?"

"பக்ரீத் சந்தையில் பார்த்தேன். எவ்வளவு உயரம்! காது தொங்கு தொங்கு என்று தொங்குகிறது. ஜமுனாபாரி என்றார்கள். இரண்டு வாங்கி லாரியில் ஏற்றிவிடலாமா?"

"என் அப்பாவும் ஆடு வளர்த்தார். எங்கள் ஊரில் கொடி ஆடு என்போம். அதுவும் உயரம்தான். வெயிலில் நாள் முழுக்க மேயும். ஐப்பசி மழையில் நனைந்தால் மட்டும் இருமத் தொடங்கிவிடும். உங்கள் மலையில் மழை நாள் கணக்கில் விடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

அவர் யோசிக்கத் தொடங்கினார். நாமும் யோசிப்போம். இரண்டு ஆட்டின் விலை என்பது அவருடைய பல மாதச் சேமிப்பு. ஆடு செத்தால் மறுபடி வேலை தேடிக் கொல்கத்தாவுக்கே வர வேண்டும்.

ஜமுனாபாரி நல்ல ஆடுதான். அதன் சொந்த இடம் உத்தரப் பிரதேசத்தில் உள்ள எட்டாவா. அங்கே யமுனையும் சம்பலும் ஓடுகின்றன. கரையெல்லாம் பள்ளமும் முள் மரமும். வெயில் கடுமையாக அடிக்கும். நீண்ட காது அந்த வெயிலுக்கு ஏற்றது. உடம்பின் சூடு காது வழியே வெளியே போகும். குளிரிலோ இதுவே கேடு. காக்க வேண்டிய சூடு காது வழியே போய்விடும்.

"பெரிய உடம்பு குளிரைத் தாங்காதா?" என்று கேட்கலாம். பெரிய உடம்பில் சூடு சற்று அதிக நேரம் நிற்கும். அது உண்மைதான். ஆனால் பெரிய வயிற்றுக்குத் தீவனம் வேண்டுமே! மலையில் ஏழை வீட்டு நிலம் படிப்படியான சிறு துண்டு. குளிர்காலத்தில் புல்லும் குறைவு. பாதி வயிறு உண்ட பெரிய ஆட்டைவிட முழு வயிறு உண்ட சின்ன ஆடு நன்றாகக் குளிர் தாங்கும்.

சரி, குளிர்ப் பிரதேசத்து ஆட்டையே வாங்கினால் என்ன? லடாக்கில் சாங்தாங்கி என்ற வெள்ளாடு உண்டு. 4,000 மீட்டருக்கு மேலே வாழ்கிறது. அங்கே குளிர் சுழியத்துக்குக் கீழே 30 டிகிரி வரைகூட இறங்கும். அந்த ஆட்டின் மேல்முடிக்கு அடியில் பஞ்சு போன்ற மெல்லிய முடி வளரும். அதைச் சீவி எடுத்துத்தான் பஷ்மினா சால்வை நெய்கிறார்கள்.

இதைவிடக் குளிர் தாங்கும் ஆடு வேறெங்கே கிடைக்கும் என்று தோன்றும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். லடாக்கில் மழை மிகக் குறைவு. அங்கே இருப்பது காய்ந்த குளிர். டார்ஜிலிங், கலிம்போங் மலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் மூடுபனியும்தான். அது ஈரக் குளிர். நனைந்த கம்பளி சூடு தருமா? காய்ந்த கம்பளி அளவுக்குத் தராது. ஆட்டின் முடியும் அப்படித்தான். ஈரத்தில் குடற்புழு பெருகும். குளம்பு அழுகும். சளி நெஞ்சில் கட்டும். காய்ந்த நாட்டு ஆட்டுக்கு இவையெல்லாம் புதிது.

இனி வங்காளத்துக் கறுப்பு ஆடு. கொல்கத்தாக் கறிக்கடைகளில் இதைப் பார்க்கலாம். குட்டையான கால், சின்ன உடம்பு. வளர்ந்த பெட்டை சுமார் 20 கிலோ இருக்கும். பால் கொஞ்சம்தான். ஆனால் இரட்டைக் குட்டி சாதாரணம். இரண்டு ஆண்டில் மூன்று ஈற்றும் உண்டு. தோலுக்கு நல்ல பெயர். ஈரமும் அதற்குப் பழக்கம்தான். டீஸ்டா ஆற்றை ஒட்டிய தாழ்வான, வெதுவெதுப்பான சரிவுகளில் தாராளமாக வளர்க்கலாம். மேலே ஏற ஏறக் குளிர் கூடும். அங்கே குட்டிகளைக் காப்பது கடினம்.

மேல் மலைக்கு என்ன செய்வது? அங்கேயே பிறந்த ஆடு இருக்கிறது. சிக்கிமிலும் டார்ஜிலிங் பக்கத்து மலைகளிலும் சிங்காரே என்ற ஆட்டை வளர்க்கிறார்கள். முகத்தில் வெள்ளைக் கோடு இருக்கும். பல தலைமுறையாக அந்த மழையையும் சரிவையும் பார்த்த ஆடு. சந்தையில் பார்க்கப் பகட்டாக இராது. என்னைக் கேட்டால், அண்டை வீட்டுக் கொட்டிலில் மூன்று குளிர்காலம் தாண்டிய பெட்டையைவிட நல்ல ஆடு எந்தச் சந்தையிலும் இல்லை.

வாங்கும்போது வாயைத் திறந்து பாருங்கள். கீழ்த்தாடையில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் வயது ஒன்றே கால், ஒன்றரை இருக்கும். கண் இமையின் உட்புறம் சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் குடற்புழு இருக்கலாம். தாய் ஆடு இரட்டைக் குட்டி போட்டதா என்று கேளுங்கள். குளிர்காலத்தில் ஆட்டை இடம் மாற்ற வேண்டாம். மார்ச் மாதம் நல்லது. பி.பி.ஆர். என்னும் ஆட்டுக்கொல்லி நோய்க்குக் கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசி போடுங்கள்.

ஊர் ஆடு என்றாலும் ஈரத் தரையில் படுக்கவிடக் கூடாது. மலையில் மூங்கில் பரண் கட்டி அதன் மேல் ஆட்டை அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் இடுக்கு வழியே கீழே விழும். படுக்கை காய்ந்திருக்கும். கீழே விழுந்தது வயலுக்கு எரு. காற்று அடிக்கும் பக்கம் மட்டும் தட்டி வையுங்கள். நான்கு பக்கமும் அடைத்தால் புழுக்கத்தில் சளி பிடிக்கும். இரவில் காய்ந்த தழையும் வைக்கோலும் போடுங்கள். அது வயிற்றில் செரிக்கும்போது உடம்புக்குச் சூடு தரும்.

கலிம்போங்கில் அம்லிசோ என்ற புல்லைச் சரிவில் நடுகிறார்கள். இலை ஆட்டுக்கு, பூ துடைப்பத்துக்கு. நாம் வீடு பெருக்கும் பூந்துடைப்பம் அந்தப் புல்லின் பூதான்.

இன்னொரு கணக்கு. ஆட்டுக்குச் சினைக்காலம் 150 நாள், அதாவது ஐந்து மாதம். ஆகஸ்டில் கிடாவோடு சேர்த்தால் குட்டி ஜனவரிக் குளிரில் விழும். அக்டோபர் கடைசியில் சேர்த்தால் மார்ச் கடைசியில் விழும். ஆகவே சேர்த்த நாளைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

இலைக்கார அம்மா இதைத்தான் அவருக்குச் செய்து கொடுத்தார். கடையில் தொங்கிய காலண்டர் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார்.

"அக்டோபர் கடைசி வாரத்தில் வட்டம் போட்டிருக்கிறேன், தாதா. அதற்கு முன்னால் கிடாவை அவிழ்த்துவிடாதீர்கள்."

"ஜமுனாபாரி வேண்டாம் என்கிறீர்கள்?"

"முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கே எந்த ஆடு இருமாமல் நிற்கிறது என்று பாருங்கள்."