இடம் கிடைத்தது, பணம் எங்கே?

அமெரிக்கக் கலாசாலை ஒன்றிலிருந்து "உனக்கு இடம் உண்டு" என்று கடிதம் வந்தால் வீட்டில் பாயசம் வைத்து விடுகிறார்கள். உபகாரச் சம்பளத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை என்பது மறுநாள்தான் கண்ணில் படுகிறது. படிப்பும் சாப்பாடும் ஜாகையுமாக ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் கேட்கும் தனியார் கலாசாலைகள் அங்கே பல. முதல் வருஷச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டினால்தான் 'ஐ-20' என்ற தாள் கிடைக்கும். அது இல்லாமல் மாணவர் விசா கிடையாது. இடம் கிடைத்தும் கப்பல் ஏறாத பிள்ளைகளின் கதை இதுதான்.

பட்டியல் போடும்போதே தீர வேண்டிய சங்கடம் இது. கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் பிரிவுகளுக்கு உலகப் புகழ் உண்டு. ஆனால் சர்க்கார் உதவி அந்நாட்டுப் பிள்ளைகளுக்குத்தான். குடும்ப நிலையைச் சொல்லி அந்நிய மாணவன் அங்கே உதவி எதிர்பார்ப்பதற்கில்லை. ஆசை எவ்வளவு இருந்தாலும் அடித்துவிட வேண்டிய பெயர்கள்.

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் முதலிய சில இடங்களில் மனுவைப் பரிசீலிக்கும்போது தகப்பனாரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. அந்நியருக்கும் இதே விதி. சேர்த்துக்கொண்டால் தேவைப்படும் தொகை முழுவதையும் தருகிறார்கள். டார்ட்மத்தும் பௌடனும் 2022-ல் இந்த வரிசையில் சேர்ந்தன. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹார்வர்டில் மனுப் போடும் 100 பேரில் 5 பேருக்குக்கூட இடமில்லை! இந்தப் பெயர்களாலேயே பட்டியலை நிரப்புகிறவன் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுகிறவனுக்கு அண்ணன் தம்பி. இரண்டு மூன்று போதும்.

மற்றவற்றில் பெரும்பாலானவை, மாணவன் கேட்கும் தொகையையும் தராசில் வைத்தே முடிவு செய்கின்றன. இங்கேதான் சிலர் கெட்டிக்காரத்தனம் செய்கிறார்கள். 'உதவி வேண்டாம்' என்று எழுதிவிட்டு, உள்ளே போனபின் கேட்டுக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. ஸ்டான்போர்டில், சேரும்போது கேட்காத அந்நிய மாணவன் நான்கு வருஷமும் கேட்க முடியாது. வேறு பல இடங்களிலும் இப்படித்தான்.

எந்தக் கலாசாலை உண்மையில் கொடுக்கிறது? பல கலாசாலைகள் வருஷந்தோறும் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' என்ற கணக்கில் எச்-6 என்ற பகுதியைப் பார்க்க வேண்டும். எத்தனை அந்நிய மாணவருக்கு, சராசரி எத்தனை டாலர் கொடுத்தார்கள் என்பது அங்கே இருக்கும். வண்ணப்பட விளம்பரப் புத்தகத்தைவிட அந்த இரண்டு எண்கள் மேல். சராசரியோடு வீட்டார் தரக்கூடியதைக் கூட்டியும் செலவுக்கு எட்டவில்லையானால், அந்தப் பெயரையும் அடித்துவிடலாம்.

'காமன் ஆப்' மனுவில் 20 கலாசாலைகள் வரை குறிக்க இடமுண்டு. அதற்காக இருபதையும் நிரப்ப வேண்டியதில்லை. பலவற்றுக்குத் தனிக் கட்டுரையும் தனிக் கட்டணமும் உண்டு.

கெண்டக்கி மாநிலத்தில் பெரீயா என்று ஒரு சிறு கலாசாலை. 1855-ல் தோன்றியது. 1892 முதல் யாரிடமும் படிப்புச் சம்பளம் வாங்குவதில்லை. பதிலுக்கு ஒவ்வொரு மாணவனும் வாரம் 10 மணி நேரமாவது பண்ணையிலோ தச்சுப் பட்டறையிலோ நூல் நிலையத்திலோ வேலை செய்ய வேண்டும். அந்நியருக்குள்ள இடங்கள் சொற்பம். பட்டியல்களில் இந்தப் பெயரைக் காண்பதும் அரிது.