கப்பி வழியும் மிதிவண்டியும்

மேனாடுகளில் அண்மைக் காலத்தே பெரிதும் பரவியுள்ள ஒருவகை மிதிவண்டிச் செலவைக் குறித்து ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம். மோட்டார் வண்டிகள் வழங்காத காட்டு வழிகளிலே, தாரிடப்படாத சரளைப் பாதைகளிலே, உயரம் மிகாத மலைகளின் ஊடே செல்லுவதே அது. 'கிராவல்' என்னும் ஆங்கிலச் சொல்லால் அதனை வழங்குவர். நமக்கு அச்சொல்லுக்கு ஈடு தேடவேண்டுவதில்லை; கப்பி ரோடு என்று நம் பாட்டன்மார் இட்ட பெயரே போதும்.

கருவேப்பிலங்குறிச்சியாராகிய நுமக்கு மலை ஏது, காடு ஏது என்று நண்பர் சிலர் நகைத்தனர். நம் வட்டாரத்து மணிமுத்தாறு எங்கே பிறக்கின்றது என்பதை அவர் மறந்தனர் போலும். கல்வராயன் மலையிலே தோன்றி, விருத்தாசலத்தைத் தழுவி வந்து, கூடலையாற்றூரிலே வெள்ளாற்றொடு கலப்பது அவ்யாறு. ஆதலின், நாம் கூறப்போகும் மலை நமக்கு அயலன்று. நம் கிணறுகளுக்கு நீர் தரும் மலையே அது.

முதலில் மேனாட்டு வழக்கத்தைச் சிறிது காண்போம். ஜெர்மனியில் வானளாவிய ஆல்ப்ஸ் மலையினின்றும் வேறுபடுத்தி, கருங்காடு, ஹார்ஸ் முதலிய தாழ்ந்த மலைநாடுகளுக்கு 'நடுமலை' என்று பொருள்படும் தனிப்பெயரே உண்டு. அங்கே வெட்டுமரம் ஏற்றிச் செல்லுதற்கென்று காட்டினுள்ளே சரளைப் பாதைகள் அமைத்துள்ளனர். மர வண்டி ஏறவேண்டுமாதலின் அவற்றின் ஏற்றம் மெல்லியது; பொது மோட்டார் வண்டிகளுக்கு அங்கே இடமில்லை. 1975-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட காட்டுச் சட்டம், இளைப்பாறுதற்பொருட்டுக் காட்டினுள் புக எவர்க்கும் உரிமை தந்தது. மிதிவண்டியை மட்டும் பாதையை விட்டு விலக்கலாகாது என்று வரையறுத்தது. அமெரிக்காவில் கான்ஸஸ் மாகாணத்து எம்போரியா நகரில் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய 200 மைல் ஓட்டம் இவ்விளையாட்டுக்குப் புகழ் தேடித் தந்தது. 2022-இல் இத்தாலி நாட்டில் முதல் உலகப் போட்டியும் நடந்தேறியது. போட்டிகளைப் பற்றி நமக்கு அக்கறை மிகவில்லை. வழியும் வண்டியுமே நம் பொருள்.

கப்பி என்பது யாது? உடைத்த கல். ஆற்றுக் கூழாங்கல்லைப் பரப்பி அதன்மேல் வண்டியை ஓட்டின் அக்கல் உருண்டோடும். உடைத்த கல்லோ கூரிய முனைகளை உடையது. மேலே பாரம் ஏறுந்தோறும் ஒன்றின் மூலை மற்றொன்றின் இடுக்கிலே புகுந்து பூட்டிக்கொள்ளும். இவ்வுண்மையைச் சாலை வகுப்பார்க்கு நன்கு உணர்த்தியவர் ஸ்காத்லாந்தியராகிய மெக்காடம் என்பார். 1816-ஆம் ஆண்டையொட்டிப் பிரிஸ்டல் நகரைச் சூழ்ந்த சாலைகளை மேற்பார்த்த அவர், மேற்பரப்பில் ஆறு அவுன்சுக்கு மேற்பட்ட கல்லை இடலாகாதென விதித்தார். நம் நாட்டில் தார் வருமுன் இருந்த நெடுஞ்சாலைகள் அவர் முறையைத் தழுவியவையே. ஆனால் செம்மண் கரைந்து கல் மேலே எழும்பிய பழைய கப்பி வழியில், பூட்டு நெகிழ்ந்து கல் தனித்தனியே கிடக்கும். மிதிவண்டிக்குச் சோதனை அங்கேதான்.

பந்தய வண்டியின் சக்கர வட்டை 25 மில்லிமீட்டர் அகலமே உடையது; சதுர அங்குலத்துக்கு 90 அல்லது 100 பவுண்டு அழுத்தத்தில் காற்றடைக்கப்பட்டுக் கல்லைப்போல் இறுகியிருக்கும். வழியில் ஒரு கல் எதிர்ப்படின், அவ்வட்டை வண்டியையும் ஓட்டுவானையும் ஒருசேரக் கல்லின் மேல் தூக்கி இறக்கும். தூக்கிய ஒவ்வொரு முறையும் முன்னே செல்லவேண்டிய வலி வீணாகின்றது. கப்பி வண்டியின் வட்டையோ 40 அல்லது 45 மில்லிமீட்டர் அகலம். அழுத்தம் 30 முதல் 40 பவுண்டு. அது கல்லின்மேல் ஏறாமல் கல்லைத் தன்னுள் அமிழ்த்திக்கொண்டு கடக்கும். காற்றை மேலும் குறைப்பின் நலமன்றோ எனின், அன்று. ரிம் சென்று கல்லை முட்டும். இடையே அகப்பட்ட டியூப் நசுங்கி இருபுறமும் துளைபடும். எனவேதான் டியூபே இல்லாத வட்டையினுள் ஒருவகைப் பிசின்நீரை ஊற்றி ஓட்டுகின்றனர். முள் தைப்பின் அந்நீர் துளையிற் பாய்ந்து உறைந்து அடைத்துவிடும்.

இங்கே ஒரு செய்தியைக் கூறாது விடுதல் தகாது. நம் ஊர்ப் பால்காரரும் தபால்காரரும் பல தலைமுறையாக ஓட்டிவந்த கருநிற வண்டியின் வட்டை அளவு 28 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம். ஒன்றரை அங்குலமாவது ஏறத்தாழ 38 மில்லிமீட்டர்! அதாவது, மேனாட்டார் பெரும்பொருள் கொடுத்து இன்று வாங்கும் அகலம் நம் திண்ணையில் நெடுங்காலமாகச் சாய்ந்து நின்றிருக்கின்றது. அதனிடத்து இல்லாதவை இரண்டே. ஏற்றத்தில் காலுக்கு இளைப்பு நல்கும் பல்சக்கர மாற்றம் ஒன்று. இறக்கத்தில் நம்பத்தக்க பிரேக்கு மற்றொன்று. கம்பிப் பிரேக்கு எஃகு ரிம்மை நனைந்த வேளையில் பற்றாது வழுக்கும். அவ்வண்டியோடு மலையினின்று இறங்கத் துணிவாரை நாம் தடுப்போம்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடியும், பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடியும் உயர்ந்தவை. அடிவாரத்தில் முட்புதரும், மேலே இலையுதிர் மரங்களும், உச்சியில் இடையிடையே சோலையும் காணலாம். பாறை பெரும்பாலும் சார்னகைட்டு என்னும் கருங்கல். கல்கத்தாவை நிறுவியவர் எனப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இவ்வினத்ததாதலின் அவர் பெயரே அதற்கு வாய்த்தது. இத்தகைய பாறைகளிலுள்ள பெல்ஸ்பார் என்னும் பொருள் மழையிலும் வெயிலிலும் நைந்து களிமண்ணாகும்; நையாத பகுதி பருக்கையாய்ச் சரளையில் நிற்கும். விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, சக்கரத்தின் கீழ் நொறுங்கும் சரளையும் கையிலேந்தும் கோப்பையும் ஒருவகையில் உறவினர் என்பது வியப்பளிப்பதாம்.

இனி, வழியின் வெறுமையைப் பற்றி. வண்டி நெரிசல் இல்லாத வழி என்று நாம் மகிழ்கின்றோம். அவ்வழி ஏன் வெறிச்சோடிக் கிடக்கின்றது? இம்மலையில் வாழ்வோர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்து, 1976-இல்தான் இம்மலை முற்றிலும் அரசின் நேரடி ஆட்சிக்குட்பட்டது. நம்மைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களுக்குச் சாலை வந்து எத்தனையோ ஆண்டு கழிந்த பின்னரே இவர்க்கு அது எட்டிற்று. மலைவாழ் மக்களின் குறைகளைச் சென்னை உயர்நீதிமன்றமே 2024-இல் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டதும் நேயர் அறிவர்.

மரவள்ளிக் கொல்லை ஓரம் நாம் நீர் கேட்டு நின்ற வேளையில், மூதாட்டி ஒருவர் செம்பை நீட்டியவாறே, "தாரு ரோடு கீழ இருக்கே தம்பி, இந்தக் கல்லுல என்னத்துக்கு வந்து கஷ்டப்படறீங்க? எங்க புள்ளங்க பேறுகாலத்துக்கு எறங்கறப்ப இந்த ரோட்டை வைதுகிட்டேதான் எறங்கும்" என்றார். நாம் விடை கூறவில்லை. கூறுதற்கு நம்மிடம் என்ன இருந்தது? நமக்கு இன்பமாகிய கல் அவர்க்கு இடர். இவ்வழிகளைத் தாரிடாமல் விடவேண்டும் என்று பேசுவார் கூற்றை நாம் ஒப்போம். மக்கள் நடமாடும் வழி தார் பெறட்டும். பழைய கூப்புப் பாதையும், வரப்பினூடே செல்லும் வண்டிப் பாதையும் மிதிவண்டிக்கு எஞ்சும், அவையே அமையும்.

எனினும் காட்டுப் பாதை யாவும் நமக்குத் திறந்தவை அல்ல. ஜெர்மானியர் பெற்ற உரிமை நமக்கில்லை. 1882-ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டத்தின்படி, ஒதுக்கப்பட்ட காட்டினுள் இசைவின்றிப் புகுதல் குற்றம். 2018 மார்ச்சு 11-ஆம் நாள் தேனியை அடுத்த குரங்கணியில் காட்டுத்தீயில் அகப்பட்டு மலையேறச் சென்றோர் இருபதின்மருக்கு மேல் மாண்டனர்; அவ்வாண்டிலேயே மலைநடைக்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் அரசு திறந்த 40 தடங்களும் நடந்து செல்வார்க்கென அமைந்தவை. ஆகவே மிதிவண்டியர் ஊர்களை இணைக்கும் பொதுவழியில் செல்லுக. காட்டினுள் செல்ல விழைவோர் வன அலுவலரிடம் எழுத்து மூலம் இசைவு பெறுக. மாசி கழிந்தபின் செல்லற்க. சருகு காய்ந்து தீக்கு இரையாய் நிற்கும் காலம் அது. வைகறையிலும் அந்தியிலும் கரடி உலவும். அவ்வேளைகளில் ஊரில் தங்குதல் நன்று.

செல்வோர்க்கு வழி இது: சேலம் செல்லும் இருப்புப்பாதையில் விருத்தாசலத்தினின்று புறப்பட்டுச் சின்னசேலத்தில் இறங்கலாம். மிதிவண்டியை ஏற்றுதற்கு முன்னரே நிலையத்தில் கேட்டறிந்துகொள்க. அங்கிருந்து கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியே கோமுகி அணையை அடைந்தால், வெள்ளிமலைக்கு ஏறும் மலைச்சாலை தொடங்கும். அச்சாலை தாரிட்டது, பஸ் செல்வது. வெள்ளிமலையில் தேநீர் அருந்திவிட்டு, வட்டையின் காற்றை முப்பத்தைந்து பவுண்டுக்குக் குறைத்துக்கொண்டு, ஊராரிடம் வழி கேட்டுப் பக்கவழியில் திரும்புக. மரவள்ளி அறுவடைக் காலமாயின் கிழங்கேற்றிய டிராக்டர் எதிரே வரும். ஓரமாய் இறங்கி நின்று வழி விடுக.