பன்னாட்டுப் பொதித் தடமறிதல்

பன்னாட்டுப் பொதித் தடமறிதல் என்பது, ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு அஞ்சல் அல்லது கூரியர் வழியாக அனுப்பப்படும் பொதி (பார்சல்) எந்தெந்த நிலையங்களைக் கடந்துள்ளது என்பதை அதற்கென வழங்கப்பட்ட எண்ணைக் கொண்டு அறியும் முறையாகும். இந்த எண் தட எண் எனப்படுகிறது. இணையத்தில் வெளிநாட்டுப் புத்தகம், கருவி, உதிரிபாகம் போன்றவற்றை வாங்குவோர் இம்முறையைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

பொதி வானிலோ கடலிலோ செல்லும்போது அதை யாரோ தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாகப் பலர் கருதுகின்றனர். இது சரியன்று. பெரும்பாலான பொதிகளில் இருப்பிடம் காட்டும் கருவி எதுவும் இல்லை. அதன் மேலட்டையிலுள்ள பட்டைக்கோட்டை (பார்கோடு) ஓர் ஊழியரோ இயந்திரமோ படிக்கும்போது மட்டுமே பதிவு உண்டாகிறது. ஆகவே தடமறிதல் என்பது பொதி கைமாறிய இடங்களின் பட்டியலே. இதைப் புரிந்துகொண்டால் வீண் கவலையைத் தவிர்க்கலாம், உரிய காலத்தில் முறையிடலாம், மோசடிக்காரர்களிடமிருந்தும் தப்பலாம்.

வரலாறு

நாடுகளுக்கிடையே அஞ்சல் செல்வதற்கான பொது விதிகள் 1874 அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையிலிருந்து தொடங்குகின்றன. அதில் உருவான அமைப்பே பின்னர் உலக அஞ்சல் ஒன்றியம் எனப் பெயர் பெற்றது. இந்தியா 1876 இல் இதில் சேர்ந்தது. 1948 முதல் இது ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு முகமைகளுள் ஒன்றாக உள்ளது. உறுப்பு நாடுகளின் அஞ்சல் துறைகள் ஒன்றின் பொதியை மற்றொன்று ஏற்றுக் கொண்டுசேர்ப்பதும், ஒரே வடிவிலான எண்களைப் பயன்படுத்துவதும் இவ்வொன்றியத்தின் விதிகளால்தான்.

கணினிவழித் தடமறிதலைத் தனியார் நிறுவனங்களே விரைவாக வளர்த்தன. அமெரிக்காவின் ஃபெட்எக்ஸ் 1986 இல் பட்டைக்கோட்டைப் படிக்கும் கையடக்கக் கருவியைத் தன் ஊழியர்களிடம் கொடுத்தது. 1994 இல் வாடிக்கையாளர் தாமே இணையத்தில் பொதியைத் தேடிப் பார்க்கும் வசதியை அளித்தது.

தட எண்ணின் அமைப்பு

பன்னாட்டு அஞ்சல் பொதியின் தட எண் 13 குறிகளைக் கொண்டது. இவ்வடிவத்தை உலக அஞ்சல் ஒன்றியத்தின் எஸ்10 என்னும் தரம் வரையறுக்கிறது. முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், அடுத்து 8 இலக்க வரிசை எண், பின் ஒரு சரிபார்ப்பு இலக்கம், இறுதியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் என அது அமையும்.

எடுத்துக்காட்டாக, சிபி 123456785 ஜிபி என்ற எண்ணைக் கொள்வோம். (எழுத்துகள் மேலட்டையில் ஆங்கிலத்தில் இருக்கும்.) இறுதியிலுள்ள ஜிபி பிரித்தானியாவைக் குறிக்கும். இந்தியாவுக்கு ஐஎன், இலங்கைக்கு எல்கே, சிங்கப்பூருக்கு எஸ்ஜி, மலேசியாவுக்கு எம்ஒய், சீனாவுக்கு சிஎன் என்பன குறியீடுகள். இவை எண்ணை வழங்கிய நாட்டைக் காட்டுபவை. பொதி சென்றடையும் நாட்டையல்ல.

முதல் எழுத்து சேவையின் வகையைக் காட்டும்.

இ – விரைவு அஞ்சல் (இஎம்எஸ்)
சி – பொதி அஞ்சல்
ஆர் – பதிவு அஞ்சல்
வி – காப்பீடு செய்த அஞ்சல்
யு – சுங்கச் சோதனைக்காக எண்ணிடப்பட்ட சாதாரண அஞ்சல்

இவற்றுள் ‘யு’ வகை குறித்துத்தான் குழப்பம் மிகுதி. இவ்வகையில் எண் இருந்தாலும் முழுமையான தடமறிதல் இல்லை. கையொப்பம் பெற்று ஒப்படைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. குறைந்த கட்டணத்தில் அனுப்பும் விற்பனையாளர் இத்தகைய எண்ணைக் கொடுத்திருந்தால், ஓரிரு பதிவுகளுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. பொருளை வாங்குமுன் அனுப்பும் முறை எது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சரிபார்ப்பு இலக்கம்

ஒன்பதாவது இலக்கம் எண்ணைத் தவறாக எழுதியதைக் கண்டுபிடிக்க உதவுகிறது. முதல் 8 இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11 ஆல் வகுத்து, மீதியை 11 இலிருந்து கழிக்க வேண்டும். விடை 10 எனில் 0 என்றும், 11 எனில் 5 என்றும் கொள்ள வேண்டும்.

12345678 என்ற வரிசை எண்ணுக்கு:

8 + 12 + 12 + 8 + 15 + 30 + 63 + 56 = 204
204 ஐ 11 ஆல் வகுக்க மீதி 6
11 – 6 = 5

எனவே சரிபார்ப்பு இலக்கம் 5. கடைசி இரு இலக்கங்களை இடம் மாற்றி 12345687 என எழுதிவிட்டால் கூட்டுத்தொகை 206, மீதி 8, விடை 3 ஆகிவிடும். கடைசியில் 5 இருப்பதால் எண் தவறு எனக் கணினி உடனே அறிந்துகொள்ளும். விற்பனையாளர் கொடுத்த எண் உண்மையில் இந்த அமைப்பில் உள்ளதா என்று வாங்குபவரும் தாளும் பேனாவும் கொண்டு சோதிக்கலாம். ஆனால் கணக்குச் சரியாக இருப்பது மட்டுமே பொதி அனுப்பப்பட்டதற்குச் சான்றாகாது.

பயணக் கட்டங்கள்

ஒவ்வொரு நாட்டிலும் வெளிநாட்டு அஞ்சல்களைப் பிரித்துக் கட்டி அனுப்பவும், வருபவற்றைப் பெற்றுப் பிரிக்கவும் தனி நிலையங்கள் உள்ளன. இவை பரிமாற்ற நிலையங்கள் எனப்படும். லண்டனிலிருந்து மதுரைக்கு வரும் ஒரு புத்தகப் பொதி பொதுவாகப் பின்வரும் கட்டங்களைக் கடக்கும்.

1. அனுப்பும் நாட்டில் அஞ்சலில் சேர்க்கப்படுதல்
2. அந்நாட்டின் பரிமாற்ற நிலையத்தை அடைதல்
3. அங்கிருந்து புறப்படுதல்
4. இந்தியாவின் பரிமாற்ற நிலையத்தை அடைதல்
5. தேவைப்பட்டால் சுங்கத்தில் நிறுத்தி வைக்கப்படுதல்
6. பரிமாற்ற நிலையத்திலிருந்து உள்நாட்டு அஞ்சலுக்குச் செல்லுதல்
7. ஒப்படைக்கும் அஞ்சலகத்தை அடைதல்
8. ஒப்படைத்தல் அல்லது ஒப்படைக்க முயன்று இயலாமற் போதல்

இவற்றுக்கு முன்னதாகச் சில வேளைகளில் ‘விவரம் பெறப்பட்டது’ என்ற பதிவு தோன்றும். விற்பனையாளர் மேலட்டையை அச்சிட்டு விவரத்தைக் கணினியில் அனுப்பிவிட்டார் என்பதே இதன் பொருள். பொதி இன்னும் அவருடைய கிடங்கிலேயே இருக்கலாம். பல நாள்கள் இதே நிலை நீடித்தால் விற்பனையாளரைத்தான் கேட்க வேண்டும். அஞ்சலகத்தைக் கேட்டுப் பயனில்லை.

பதிவுகளிலுள்ள நேரம் அந்தந்த நாட்டின் உள்ளூர் நேரம் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். சீன நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னது. பிரித்தானியக் குளிர்கால நேரம் ஐந்தரை மணி பின்னது.

பதிவில் ஏற்படும் இடைவெளி

மூன்றாம், நான்காம் கட்டங்களுக்கு இடையில் பல நாள்கள் எந்தப் பதிவும் இல்லாமல் இருப்பதே வாங்குவோரை அதிகம் கலங்க வைக்கிறது. ‘புறப்பட்டது’ என்றிருந்தும் பத்து நாள்களாக வரவில்லையே என்று பொதி தொலைந்துவிட்டதாக எண்ணிவிடுவர்.

இந்த இடைவெளிக்குக் காரணம் எளியது. பரிமாற்ற நிலையத்தில் பல பொதிகளை ஒரே பையிலோ கூண்டிலோ இட்டு மூடி முத்திரையிடுகின்றனர். அதன்பின் எண்ணால் அறியப்படுவது அந்தப் பை. உள்ளேயுள்ள தனிப் பொதியல்ல. விமானத்தில் இடம் கிடைக்கும்வரை பை விமான நிலையத்தில் காத்திருக்கலாம். மூன்றாவது நாடு ஒன்றின் வழியாக மாறிச் செல்லலாம். சேரும் நாட்டில் பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பட்டைக்கோட்டைப் படிக்கும்போதுதான் அடுத்த பதிவு வரும். ‘புறப்பட்டது’ என்பது பரிமாற்ற நிலையத்தை விட்டுச் சென்றதைக் குறிக்கிறதே தவிர, விமானம் பறந்துவிட்டதைக் குறிப்பதில்லை.

அனுப்பும் நாட்டின் தளத்தில் பதிவு நின்றுபோனால், பெறும் நாட்டின் அஞ்சல் துறைத் தளத்தில் அதே எண்ணை இட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் இந்திய அஞ்சல் துறையின் வலைத்தளத்தில் இவ்வசதி உண்டு. பல நாடுகளின் பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்டும் பொதுத் தடமறிதல் தளங்களும் உள்ளன. இவை அஞ்சல் துறைகளும் நிறுவனங்களும் வெளியிடும் பதிவுகளைத் திரட்டித் தருகின்றன. மூலத்தில் இல்லாத செய்தி இவற்றில் இருக்க வழியில்லை.

சுங்கச் சோதனை

பொருள்கள் அடங்கிய அஞ்சலுடன் சுங்க அறிவிப்புப் படிவம் இருக்க வேண்டும். குறைந்த மதிப்புக்கு சிஎன்22, கூடுதல் மதிப்புக்கு சிஎன்23 என இரு படிவங்கள் வழக்கில் உள்ளன. உள்ளே என்ன பொருள், எத்தனை, எடை, மதிப்பு ஆகியவை அதில் எழுதப்படும். 2021 முதல் இவ்விவரங்களை மின்னணு வடிவிலும் முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்பது உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதி.

‘சுங்கத்தில் உள்ளது’ என்ற பதிவு குற்றச்சாட்டு அன்று. சோதனை முறை வருவதற்காகப் பொதி காத்திருக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். மதிப்பில் ஐயம் இருந்தால் பட்டியலும் (பில்) பணம் செலுத்திய சான்றும் கேட்டு முகவரிக்குக் கடிதம் வரலாம். இந்தியாவில் அஞ்சலில் வரும் பொதிக்கு வரி விதிக்கப்பட்டால், ஒப்படைக்கும்போது அஞ்சலகம் அதை வசூலித்து ரசீது தருவது வழக்கம். ஆகவே வாங்கியபோது கிடைத்த பட்டியலைப் பொதி கைக்கு வரும்வரை பத்திரப்படுத்த வேண்டும்.

கூரியர் நிறுவனங்களின் எண்கள்

தனியார் நிறுவனங்கள் எஸ்10 வடிவத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை. டிஎச்எல் எக்ஸ்பிரஸின் எண் பொதுவாக 10 இலக்கம் கொண்டது. ஃபெட்எக்ஸில் 12 இலக்க எண் பரவலானது. யுபிஎஸ் எண் பெரும்பாலும் 1இசட் எனத் தொடங்கி 18 குறிகள் கொண்டிருக்கும். இந்நிறுவனங்கள் பொதியைத் தொடக்கம் முதல் முடிவுவரை தம் பொறுப்பிலேயே கொண்டுசெல்வதால் இடைப் பதிவுகள் கூடுதலாகக் கிடைக்கும்.

சில விற்பனையாளர்கள் ஒரு நிறுவனம் வழியாக நாட்டுக்குள் கொண்டுவந்து, உள்ளூரில் வேறொரு கூரியரிடம் ஒப்படைக்கின்றனர். அப்போது புதிய எண் ஒன்று வழங்கப்படும். பழைய எண்ணில் பதிவு நின்றுவிட்டால் உள்ளூர் எண் என்ன என்று விற்பனையாளரிடம் கேட்டுப் பெறலாம்.

பொதி வந்து சேராதபோது

முதலில் விற்பனைத் தளத்தில் முறையிட எத்தனை நாள் அவகாசம் உள்ளது என்று பார்க்க வேண்டும். பொதி வரும் வரும் என்று காத்திருந்து அக்கெடுவைத் தவறவிடுவோரே பணத்தை இழக்கின்றனர். சற்றுப் பொறுக்கும்படி விற்பனையாளர் கேட்டுக்கொண்டாலும், கெடு முடிவதற்குள் முறையீட்டைப் பதிவு செய்துவிடுவதே பாதுகாப்பு.

பதிவு, பொதி, காப்பீட்டு அஞ்சல்களுக்கு அஞ்சல் துறையிடம் விசாரணை கோரலாம். அஞ்சலில் சேர்த்த நாளுக்கு மறுநாளிலிருந்து 6 மாதத்துக்குள் கோரிக்கை அளிக்க வேண்டும். பெரும்பாலும் அனுப்பியவரே தம் நாட்டில் இதைத் தொடங்க வேண்டியிருக்கும். தொலைந்த பொதிக்கான இழப்பீடும் பொதுவாக அனுப்பியவருக்கே உரியது. ஆதலால் வாங்கியவர் விற்பனையாளரை வற்புறுத்துவதே முறையான வழி.

பொதி வராமலேயே ‘ஒப்படைக்கப்பட்டது’ என்ற பதிவு தோன்றினால் வீட்டிலும் அண்டை வீட்டிலும் விசாரித்தபின், அஞ்சலகத்தில் பெற்றவர் பெயர், கையொப்பம், எடை ஆகியவற்றைக் கேட்க வேண்டும். அதே ஊரில் வேறொருவருக்குச் சென்ற பொதியின் எண்ணைக் கொடுத்து ஏமாற்றும் விற்பனையாளர்களும் உள்ளனர். பெயரும் எடையும் பொருந்தவில்லை என்பதே அப்போது வாங்கியவரின் கையிலுள்ள சான்று.

தடமறிதலின் பெயரால் நடக்கும் மோசடிகள்

பொதிக்காகக் காத்திருப்பவரின் பதற்றத்தையே மோசடிக்காரர்கள் மூலதனமாக்குகின்றனர். ‘முகவரி முழுமையாக இல்லாததால் பொதியை ஒப்படைக்க முடியவில்லை, 48 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் திருத்துக’ என இந்திய அஞ்சல் துறையின் பெயரில் பரவிய குறுஞ்செய்தி போலியானது என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் தெளிவுபடுத்தியது. சிறு தொகை கேட்டு அட்டை விவரங்களைத் திருடுவது இவ்வகை இணைப்புகளின் நோக்கம்.

மற்றொரு வகை இன்னும் கொடியது. கூரியர் நிறுவனத்திலிருந்து பேசுவதாகக் கூறி, உங்கள் பெயரிலுள்ள பொதியில் போதைப்பொருள் சிக்கியதாக மிரட்டுவர். பின் காவல்துறை அதிகாரி போல் ஒருவர் காணொளி அழைப்பில் தோன்றி, ‘டிஜிட்டல் கைது’ என்று சொல்லிப் பணம் பறிப்பர். இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைது இல்லை. தனியாக வாழும் முதியோர் பலர் இதில் வாழ்நாள் சேமிப்பை இழந்துள்ளனர்.

செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாமல், தட எண்ணை அஞ்சல் துறை அல்லது நிறுவனத்தின் தளத்தில் தாமே இட்டுப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். கூரியர் வழி இறக்குமதிக்கு அடையாளச் சான்று கேட்கப்படுவது உண்டு. அதையும் அந்நிறுவனத்தின் தளத்துக்கு நேரே சென்று மட்டுமே அளிக்க வேண்டும். எண்ணே சொல்லாமல் ‘உங்கள் பொதி’ என்று பேசுபவரிடம் முதலில் எண்ணைக் கேட்க வேண்டும். பணம் இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். எவ்வளவு விரைவாகத் தெரிவிக்கிறார்களோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியிலேயே முடக்கி மீட்கும் வாய்ப்பு அதிகம்.