தறிக்குழியில் தண்ணியா? வாசல் தளத்தைப் பாருங்க!



ஐப்பசி பிறந்தாலே காஞ்சிபுரத்தில் நமக்கு ஒரே கவலைதான்: தறிக்குழியில் தண்ணி ஊறிடுமோ? குழியில் தண்ணீர் நின்றால் மிதி மிதிக்க முடியாது. ஈரத்தில் பாவும் தொய்ந்து போகும். தறி நின்றால் கூலி நின்றுவிடும். குழுக் கடன் தவணை நிற்குமா? 2015 பெருமழையில் பட்டது போதும்.

மண் வாசலாக இருந்தப்போ மழைத்தண்ணி பூமிக்குள் இறங்கியது. சிமெண்டுத் தளம் போட்ட பிறகு அதற்கு வழியில்லை. வாட்டம் சுவர்ப் பக்கம் இருந்தால், தண்ணீர் சுவரோரம் தேங்கி, அஸ்திவாரம் வழியாகக் குழிக்குள் கசியும்.

முதலில் ஒரு குடம் தண்ணீரைத் தளத்தில் ஊற்றிப் பாருங்கள். அது வீட்டுப் பக்கம் ஓடினால் வாட்டம் தப்பு.

என்ன செய்யலாம்?

* புதுத் தளத்துக்கு 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம், வீட்டை விட்டு வெளியே போகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள்.
* பழைய தளமானால் சுவருக்கு முன்னால் சின்னக் கால்வாய் வெட்டித் தண்ணீரைத் திருப்பி விடுங்கள்.
* சுவரும் தளமும் சேரும் இடத்து வெடிப்பைச் சிமெண்டுக் கலவையால் அடையுங்கள்.
* கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாக மழைநீர்க் குழிக்கு விடுங்கள். அந்தக் குழி தறிக்குழிக்கு எட்டவே இருக்கட்டும்.

குழிக்கு அடியிலிருந்தே ஊற்றெடுத்தால் இந்த வேலைகள் மட்டும் போதாது. அனுபவமுள்ள கொத்தனாரிடம் காட்டுங்கள்.

புரட்டாசிக்குள் குழுக் கூட்டத்தில் பேசி, வேலையை முடிப்போம். தறியைக் காப்போம்!