கிலோவுக்கு 2000 மில்லிகிராம்

மூலிகை ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் ஒரு முடிவு அடிக்கடி கண்ணில் படும்: உடல் எடையில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் கொடுத்தும் எலிகள் சாகவில்லை. அதுவே விளம்பரத்துக்கு வரும்போது ‘பக்க விளைவே கிடையாது’ என்று ஆகிவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் நடந்தது அதுவல்ல.

இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, எத்தனாலை ஆவியாக்கினால் கரும்பச்சைப் பிசின் தங்கும். சோதிக்கப்படும் சாறு பெரும்பாலும் இதுதான். வீட்டில் காய்ச்சும் கஷாயத்தில் இறங்கும் சத்துகள் வேறு, இதில் இறங்குபவை வேறு.

சோதனைக்குப் பயன்படுபவை பெரும்பாலும் விஸ்டார் எலிகள். 1906-இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் உருவான வெள்ளை இனம். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்த பிறகே வேலை தொடங்கும். இரவு முழுக்கப் பட்டினி போட்ட எலியைப் பிடரியில் பிடித்து நிமிர்த்தி, நுனியில் சிறு குண்டு வைத்த வளைந்த ஊசியை வாய்வழியே விட்டு, சாற்றை நேராக இரைப்பையில் இறக்குகிறார்கள். கை சற்றுப் பிசகினாலும் சாறு நுரையீரலுக்குப் போய்விடும். அந்தச் சாவு மூலிகையின் கணக்கில் ஏறிவிடவும் கூடும். எலியால் வாந்தி எடுக்க முடியாது. நம் வயிறு வெளியே தள்ளிவிடக்கூடியதையும் அது தாங்கித்தான் ஆக வேண்டும்.

முதல் அரை மணி நேரம் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். முடி சிலிர்க்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா, நடுங்குகிறதா, மூலையில் சுருண்டு கிடக்கிறதா? பிறகு 14 நாள் தினமும் கவனித்து, எடை பார்த்து, கடைசியில் அறுத்து உறுப்புகளைப் பார்ப்பார்கள். ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் 423-ஆம் சோதனை வழிகாட்டிப்படி ஒரு கட்டத்துக்கு மூன்று எலிகள் போதும். 1927-இல் டிரெவன் என்ற ஆய்வாளர் வகுத்த பழைய முறை, பாதி விலங்குகளைக் கொல்லும் அளவைத் தேடியது. அதற்கு ஏராளமான உயிர்கள் தேவைப்பட்டன. அதைச் சார்ந்த வழிகாட்டியை ஓ.இ.சி.டி. 2002-இல் கைவிட்டது நல்ல காரியம்.

ஆக, அந்த 2000 சொல்வது இவ்வளவே: ஒரே தடவையில் அவ்வளவு கொடுத்தும், இரண்டு வாரத்துக்குள் எலி சாகவில்லை. உடற்பரப்பை வைத்துக் கணக்கிட்டால், எலியின் அளவை ஏறத்தாழ 6.2-ஆல் வகுப்பது வழக்கம். 60 கிலோ மனிதருக்கு அது சுமார் 19 கிராம் சாறு. ஒரு மண்டலம் தொடர்ந்து குடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதிலே இல்லை. அதற்கு 28 நாள், 90 நாள் சோதனைகள் இருக்கின்றன. தினமும் மருந்து கொடுத்து, ரத்தத்தில் கல்லீரல் நொதிகளையும் கிரியாட்டினினையும் அளந்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வெளியே துள்ளித் திரிந்த எலியின் ஈரல் செல்களுக்குள் கொழுப்புத் துளிகள் தெரிவது இங்கேதான். செலவும் உழைப்பும் அதிகம் என்பதால் பல ஆய்வுகள் 14 நாளோடு நின்றுவிடுகின்றன. உயிரைப் பலி கொடுத்துப் பெற்ற எண்ணை, அது சொல்லாததற்கெல்லாம் சாட்சியாக நிறுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனச் செடி மாத்திரையில் கலந்திருந்தது. பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. பின்னர், சிறுநீரகங்களை அகற்றிக்கொண்ட 39 பேரை ஆராய்ந்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. 2000-இல் அது வெளியானது. ஆனால் அந்தச் செடியிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது 1982-லேயே பதிவாகியிருந்தது. மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்ததால் தெரிந்த உண்மை அது.

நம் ஊர் ஈஸ்வரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அதே அரிஸ்டோலோகியா இனத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் அந்த அமிலம் உண்டு. இவற்றின் சாறு ஒரு வேளைச் சோதனையில் தேறினாலும், தொடர்ந்து உண்பவரின் சிறுநீரகம் பற்றி அந்தத் தேர்ச்சியிலிருந்து ஒன்றும் தெரியாது.