நாலு ஞானப்பல்லும் இன்றைக்கே எடுக்கணுமா?

அக்கா மகளுக்கு வயது 22. மேல்படிப்புக்கு வெளிநாடு கிளம்ப இன்னும் மூன்று வாரம். "அங்கே போய்ப் பல்வலி வந்தா செலவு தாங்காது, ஒரு தடவை காட்டிட்டுப் போயிடு" என்று வீட்டில் சொன்னதால் பல் டாக்டரிடம் போனாள். துணைக்கு நான் போனேன். முகத்தைச் சுற்றி வந்து எடுக்கும் ஓபிஜி எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுக் காட்டி, "நாலு ஞானப்பல்லும் இருக்கு, நாலையும் எடுத்துடுவோம். இன்னைக்கே ரெண்டு பண்ணிடலாம்" என்றார் மருத்துவர். வலி இல்லை, வீக்கம் இல்லை. நாற்காலியில் சாய்த்து மரத்துப்போக ஊசியும் போட்ட பிறகு ஒரு தாள் வந்தது, முழுக்க ஆங்கிலத்தில். பாதி மரத்த வாயோடு என்னைத் திரும்பிப் பார்த்து, "சித்தி, கையெழுத்துப் போடட்டுமா?" என்றாள்.

எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து வேறொரு வாய் அறுவை மருத்துவரிடம் அதே படத்தைக் காட்டினோம். கீழே இடதுபக்கப் பல் மட்டும் முன்னால் சாய்ந்து அடுத்த பல்லின் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது. முட்டுகிற இடத்தில் சொத்தை ஆரம்பித்திருந்தது. "இதை எடுத்துத்தான் ஆகணும். விட்டா பக்கத்துல இருக்கிற நல்ல பல்லும் போயிடும். மத்த மூணும் நேரா முளைச்சிருக்கு, பிரஷ் எட்டுது, இருக்கட்டும்" என்றார். ஒன்று போனது, மூன்று இன்றும் இருக்கின்றன.

ஞானப்பல் என்றதும் நம் வீடுகளில் இரண்டு குரல் கேட்கும். ஒன்று, "எதுக்கு வம்பு, எடுத்துடு." இன்னொன்று, "மேல்பல்லைத் தொட்டா கண்ணு போயிடும்." இரண்டாவதை நம்பி, சீழ் வைத்த பல்லோடு மாதக்கணக்கில் கிராம்பை அதக்கிக்கொண்டு திரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மேல்பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வையைக் கொண்டுபோகும் நரம்பு வேறு. பல் பிடுங்கினால் பார்வை குறையாது. முதல் குரலும் சரியில்லை. பல் இருக்கிறது என்பது மட்டுமே அதை எடுப்பதற்குக் காரணமாகாது. அந்தப் பல்லில், அல்லது அதனால் பக்கத்தில், நோய் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பொதுவாக 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கும் கடைசிக் கடைவாய்ப்பல் இது. தாடையில் இடம் போதாதபோது சாய்ந்தோ, படுத்தோ, பாதி ஈறுக்குள் புதைந்தோ நின்றுவிடும். பிரிட்டனில் ஒரு காலத்தில் நோய் இருக்கிறதோ இல்லையோ இவற்றை எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்நாட்டின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2000-ல் தன் முதல் மதிப்பீட்டு அறிக்கையிலேயே, நோயில்லாத புதைபல்லை முன்னெச்சரிக்கை என்று சொல்லி எடுப்பதை நிறுத்தச் சொன்னது. நிரப்பமுடியாத சொத்தை, சீழ்க்கட்டி, பல்லைச் சுற்றி நீர்க்கட்டி, பக்கத்துப் பல்லின் வேர் அரிபடுதல் போன்றவை இருந்தால் எடுக்கலாம் என்றது. நோயற்ற ஞானப்பல்லை எடுப்பதா விடுவதா என்று முடிவு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றே, 2020-ல் புதுப்பித்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொன்னது.

விட்டுவிடுவது என்றால் மறந்துவிடுவது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அந்த அறிக்கைக்குப் பிந்தைய ஆண்டுகளில் பிரிட்டனில் ஞானப்பல் எடுப்பவர்களின் சராசரி வயது கூடியது. சாய்ந்த பல் முட்டிய இடத்தில் பக்கத்துப் பல் சொத்தையாகி வருவோரும் அதிகமானார்கள். வயது ஏற ஏற எலும்பு இறுகுகிறது, வேர் முழுதாக வளர்ந்துவிடுகிறது, அறுவையும் ஆறுவதும் கடினமாகின்றன. அதனால் முன்னால் சாய்ந்து முட்டும் கீழ்ப்பல்லை மட்டும் நான் தனியாகப் பார்ப்பேன். அதைக் குறிப்பிட்ட இடைவெளியில் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

பலரையும் டாக்டரிடம் துரத்துவது ஈறு வீக்கம். பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு மடிப்பு ஒரு மூடிபோலக் கிடக்கும். தேங்காய்த் துருவலும் பாக்குத் தூளும் அதனடியில் போய் உட்கார்ந்து அழுகும். முதல் தடவை, கடுமையாக இல்லாவிட்டால், சுத்தம் செய்து வெந்நீர் உப்புக் கொப்பளிப்போடு ஆறவிடலாம். திரும்பத் திரும்ப வந்தால் எடுப்பதுதான் நல்லது. ஆனால் வாய் திறக்க முடியவில்லை, தாடைக்கடியில் கல்போல வீங்குகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, காய்ச்சலும் மூச்சுத்திணறலும் இருக்கிறது என்றால் கிளினிக் திறக்கும் நேரம் பார்க்காதீர்கள். கீழ்க்கடைவாய்ப் பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழாயை அடைத்து உயிரையே எடுத்துவிடும். நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

"முன்பல் கோணலாகிடும், அதனால எடுங்க" என்றும் சொல்வார்கள். ஞானப்பல் தள்ளித்தான் முன்பல் நெருக்கமாகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது.

எடுத்தால் என்ன ஆபத்து? வீக்கமும் இரண்டு மூன்று நாள் வலியும் எல்லோருக்கும் வரும். மூன்றாம் நாளுக்கு மேல் வலி குறையாமல் காதுவரை இழுத்தால், குழியில் ரத்தக்கட்டு கலைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். டிரை சாக்கெட் என்பார்கள். புகைபிடிப்பவர்களுக்கு இது அதிகம். முதல் சில நாள் ஸ்ட்ராவில் ஜூஸ் உறிஞ்சுவதும், காறித் துப்புவதும் வேண்டாம் என்பது இதற்காகத்தான். நல்ல மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்துவிடுவார், சரியாகிவிடும்.

பயப்படவேண்டியது நரம்புக்கு. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் ஓடுகிறது, அதற்குள் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி கொண்டுவரும் நரம்பு. ஓபிஜி படத்தில் இரண்டு வெள்ளைக்கோடு நடுவே கருப்பு ஓடையாகத் தெரியும். பல்லின் வேர் அந்தக் கோட்டை மறைத்தாலோ, வேர் அங்கே கருத்துத் தெரிந்தாலோ, ஓடை வளைந்து போனாலோ, நரம்பு ஒட்டி இருக்கலாம். அப்போது சிபிசிடி என்கிற முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். மிக நெருக்கம் என்றால் பல்லின் தலையை மட்டும் வெட்டியெடுத்து வேரை உள்ளேயே விட்டுவிடும் கொரோனெக்டமி என்றொரு வழியும் இருக்கிறது. நரம்பு நசுங்கினால் இட்லி சாப்பிடும்போது உதட்டோரம் சட்னி ஒட்டியிருப்பதுகூடத் தெரியாது. நாக்கு நரம்பானால் ருசியும் மாறலாம். பெரும்பாலும் வாரங்களில், மாதங்களில் திரும்பிவிடும், அபூர்வமாகச் சிலருக்குத் திரும்பாது. ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் போய்விடவேண்டும். மறுநாளும் மரத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லி, அதைக் குறிப்பில் எழுதவையுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும், எலும்புத் தேய்மானத்துக்கு மருந்தோ ஊசியோ போட்டவர்களும், சர்க்கரை உள்ளவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். பல் எடுக்கப்போகிறோம் என்று இதய மாத்திரையை நீங்களாக நிறுத்துவது பல்லைவிடப் பெரிய ஆபத்து.

இனி உரிமை. 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: என்ன செய்யப்போகிறார்கள், அதன் பலன், வேறு வழி, ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும், இவ்வளவையும் போதுமான அளவு விளக்கிய பிறகு நோயாளி தருவதே சம்மதம். தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம், விளக்கம் நோயாளிக்குப் புரிகிற மொழியில் இருக்கவேண்டும், இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்கலாம், கட்டணத்தை முன்கூட்டித் தெரிந்துகொள்ளலாம் என்கிறது. ஊசி போட்டபின் நீட்டிய ஆங்கிலத் தாளில் வாங்கும் கையெழுத்து இதில் எதையும் நிறைவேற்றாது. "இந்தப் பல்லில் இப்போது என்ன நோய்? நரம்பு எவ்வளவு தூரம்? ஆறு மாதம் பொறுத்தால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். யார் அறுக்கப்போகிறார் என்றும் கேளுங்கள், ஏனென்றால் பல கிளினிக்குகளில் வெளியிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்து செய்துவிட்டுப் போவார். அவர் பெயரும் பதிவு எண்ணும் ரசீதில் இருக்கட்டும். எக்ஸ்ரே உங்கள் காசில் எடுத்தது, நகல் கேட்டு வாங்குங்கள்.

பணமில்லை என்றோ, சொல்வதில் நம்பிக்கையில்லை என்றோ தயங்குபவர்களுக்குச் சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். ஆனால் பல்லை எண்ணிக் காசு பார்க்கும் அவசரம் அங்கே யாருக்கும் இல்லை.

தவறு நடந்துவிட்டால்? நடத்தை குறித்த புகாரை மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வக்கீல் இல்லாமலும் வழக்காடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. சம்மதம் வாங்கும்போது சொல்லியிருந்த சிக்கல் ஒன்று வந்துவிட்டது என்பதால் மட்டும் அது அலட்சியம் ஆகிவிடாது. செய்யவேண்டிய கவனத்தோடு செய்யவில்லை என்று காட்டவேண்டும். அதற்குப் படமும் குறிப்பும் ரசீதும், வேறொரு மருத்துவரின் கருத்தும் கையில் வேண்டும். மனுப் போட இரண்டு ஆண்டு அவகாசம். உதட்டு மரப்பு தானாகப் போய்விடும் என்று பொறுத்திருக்கும்போதே அதில் ஒரு வருடம் ஓடிவிடும். பொறுத்திருங்கள், ஆனால் நகல்களை அந்த வாரமே வாங்கிவிட்டுப் பொறுத்திருங்கள்.